சூரியன் வரும் முன்பே பொங்கிவிட்ட பொங்கல்

செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில், தினசரி காலண்டர் தொங்கவேண்டிய ஆணியில் ஒரு கம்ப்யூட்டர் தொங்குகிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் அம்மாவிடம் "ஏன், காலண்டர் கிடைக்கலையா?" என்று அனுதாபமாகக் கேட்பார்கள். போன வாரம் வந்த உறவுக்காரர் ஒரு படி மேலே போய், "இதெல்லாம் தலைமுறை தலைமுறையா வந்த கணக்கு. அதுல போய் கம்ப்யூட்டரை நுழைக்கலாமா?" என்று அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தார். அவருக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் விருந்தாளி, கையில் காபி வேறு. அதனால் இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியின் ஜாதகம். 2020 ஊரடங்கு. அந்த வருஷம் நடுவில் இருக்கிற தாளைக் கிழிக்கக்கூட மனசில்லாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கோ ஆபீஸ் ஆணி பிடுங்கியது போக மீதி நேரம் இருந்தது. செத்துப்போன லேப்டாப்பின் திரை ஒன்று, எப்போதோ லாமிங்டன் ரோட்டில் வாங்கிப்போட்ட ஒரு ராஸ்பெர்ரி பை, திரைக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு, இவ்வளவுதான் சாமான். சட்டம் மட்டும் பிறகு தாராவியில் மாமாவுக்குத் தெரிந்த தச்சர் செய்து கொடுத்தார். தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம். பெரிய எழுத்தில், அம்மா கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி. மணி காட்டவில்லை, பக்கத்திலேயே அப்பாவின் பழைய சுவர்க் கடிகாரம் இருக்கிறது, அதற்குப் போட்டியாக எதையும் வைக்க அம்மா விடமாட்டாள்.

வந்த கோளாறுகளை எல்லாம் சொன்னால் தனிப் புராணம். படம் வரையும் பைத்தான் நூலகத்தில் எழுதியபோது "செவ்வாய்" என்பதில் கொம்பு, எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. எழுத்தைக் கோர்க்கிற துணை நூலகம் இல்லாவிட்டால் அது தமிழை ஆங்கிலம் மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கிவிடும். திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்த காலத்தில் பார்த்த அதே கட்டமும் கொம்பும், இருபது வருஷம் கழித்து என் வீட்டுச் சுவரில்! படம் வரைவதை விட்டுவிட்டு பிரவுசரையே முழுத்திரையில் ஓடவிட்டதும் சரியாயிற்று. அப்புறம் திரையின் மூலையில் அடிக்கடி ஒரு மின்னல் குறி. மொபைல் சார்ஜரைச் சொருகியிருந்தேன், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அப்படித்தான் அழும். சரியான அடாப்டர் வாங்கியதும் மின்னல் போயிற்று. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி மும்பை முழுக்கக் கரண்ட் போனதே, நினைவிருக்கிறதா? கரண்ட் வந்தபிறகும் எங்கள் சுவரில் காலம் நின்றே இருந்தது. இந்தப் பையில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் வந்து யாராவது நேரம் சொன்னால்தான் உண்டு, அதுவரை கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். நம்மில் சிலரைப் போல. பொத்தான் பேட்டரி வைத்த சின்ன கடிகாரச் சில்லு ஒன்றை மாட்டினேன்.

இந்தப் பெட்டி எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அம்மா நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். விஜயதசமி அன்று காலை, 2020 அக்டோபர் 26, என்னை எழுப்பினாள். "ஏல, ஒம் பொட்டி நேத்து வரைக்கும் நாலரைக்குத் தேதியக் கிழிச்சிட்டிருந்துது. இன்னிக்கு அஞ்சு மணி ஆவப்போவுது, இன்னும் கிழிக்கல."

நான் எங்கே நாலரைக்கு எழுந்தேன், பார்ப்பதற்கு? நள்ளிரவில் தேதி மாறுகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்து பார்த்தால், அன்று சரியாக ஐந்தரைக்கு மாறியது. அப்புறம்தான் பொறி தட்டியது. ராஸ்பெர்ரி பை பிரிட்டன் சரக்கு. நாம் மாற்றாதவரை அதன் நேர மண்டலம் லண்டன். அங்கே நள்ளிரவு என்றால் கோடையில் நமக்கு 4.30, குளிர்காலத்தில் 5.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். மறுநாள் செம்பூரில் என் அம்மாவுக்குத் தேதி தாமதமாக வந்தது. ராகுகாலக் கணக்கை மட்டும் மும்பை நேரம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்ததால் அதில் தப்பு தெரியவில்லை.

ஒரு வரி மாற்றினால் தீர்ந்துவிடும், தீர்த்தேன். ஆனால் அம்மா திட்டினாள். "நட்டநடு ராத்திரியில எவன் தேதி கிழிப்பான்? விடிஞ்சாத்தானே அடுத்த நாளு!" அவள் சொன்னது முழுக்கச் சரி. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் ஆரம்பிக்கிறது. அதனால் இன்று பெட்டியில் தேதி நள்ளிரவிலும், கிழமையும் திதியும் உதயத்திலும் மாறுகின்றன. எந்த ஊர் உதயம் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

ராகுகாலம் திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று நமக்கெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அது எங்கிருந்து வந்தது? பகலை எட்டாகப் பங்கு போட்டு, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கு நாலாவது என்று கொடுப்பது. சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைந்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. அந்த வாய்ப்பாட்டைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறோம். தமிழ்நாட்டில் உதயம் வருஷம் முழுக்க ஆறை ஒட்டியே இருக்கிறது, அதனால் பெரிய மோசமில்லை. மும்பை சென்னைக்கு ஏழு பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். அதிலேயே அரைமணி போயிற்று. வடக்கே தள்ளியிருப்பதால் குளிர்காலத்தில் இன்னும் பத்து நிமிஷம். ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் 6.35 வாக்கில் வந்துவிடும், மும்பையில் 7.14 ஆகும். மறைவது 6.20. எட்டால் வகுத்தால் திங்கட்கிழமை ராகுகாலம் 8.37-லிருந்து 10 வரை.

அதாவது, ராகுகாலத்துக்கு முன்னால் வாசலைத் தாண்டு என்று அம்மா ஏழே காலுக்கே என்னை விரட்டிவிடுவாளே, அந்த நேரம் சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. கணக்குப்படி நிஜமான ராகுகாலம் தொடங்கும்போது நான் ஹார்பர் லைனில் வடாலா தாண்டித் தொங்கிக்கொண்டிருப்பேன். (அந்தக் கூட்டத்தில் ராகுவுக்கும் இடம் கிடைக்காது என்பது வேறு விஷயம்.)

சரி, இது சில்லறை என்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு வருவோம். தாராவியில் தொண்ணூறு அடி சாலையில் தமிழ்ப் பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், பேப்பரில் வருஷாவருஷம் படம் வரும். 2024-இல் பொங்கல் ஜனவரி 15, திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் வந்துவிடும் என்று மாமா வீட்டில் ஆறரைக்கே அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பால் பொங்கி, குலவை போட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டபோது மணி ஏழு. கிழக்கே என்ன இருந்தது? இருட்டும், ஒரு தெருவிளக்கும். சூரியன் வர இன்னும் கால் மணி இருந்தது. சூரியனுக்கு வைக்கிற பொங்கல் சார்! விருந்தாளி வருவதற்கு முன்னால் இலையைப் போட்டு, பரிமாறி, எடுத்தும் ஆயிற்று. அவர் வந்தபோது நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். ஊர் உதயம்தான் விதி என்றால் 7.14-லிருந்து 8.37 வரை முழுசாக ஒன்றேகால் மணி நேரம் சும்மா கிடந்தது.

இதை மாமாவிடம் சொன்னேன். "போல, பொட்டி சொல்லுத நேரத்துக்குப் பொங்கல் வச்சா ஊர் சிரிக்காதா? காலண்டர்ல போட்டிருக்கு" என்றார்.

காலண்டர்ல போட்டிருக்கு. இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. சிவகாசிக்காரர்களோடு அல்ல. அவர்கள் ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷ ஆல்பத்தை வெளியிட்டு, லட்சக்கணக்கில் அச்சடித்து, தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே தாளைத் தருகிறார்கள். சென்னைக்கும் கோவைக்கும் நடுவே பதினைந்து நிமிஷத்துக்குள்தான் வித்தியாசம். ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒருத்தன் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, அங்கே விடிந்தால் எனக்கும் விடிந்தது என்று இருப்பான் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்?

அக்கம் பக்கத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி சங்கஷ்டி சதுர்த்திக்கு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, நிலா உதித்த பிறகுதான் சாப்பிடுவார். அவர் வீட்டில் தொங்கும் காலநிர்ணயில் ஊர் ஊராகச் சந்திரோதய நேரம் போட்டிருக்கும். அவர் மும்பை நேரத்தைப் பார்ப்பார், பிறந்த ஊரான கோல்ஹாப்பூர் நேரத்தை அல்ல. தாராவியில் நம் திருநெல்வேலி ராவுத்தர்மார் எத்தனை குடும்பம்! ரமலானில் மேலப்பாளையத்தில் சூரியன் மறைந்துவிட்டது என்று யாராவது இங்கே நோன்பு திறக்கிறார்களா? மும்பையில் மறைந்தால்தான் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும். ஊரை அவர்கள் நம்மைவிடக் குறைவாக நேசிக்கிறார்களா? நமக்கு மட்டும்தான் ஊர்ப் பாசம் என்றால் ஊர்ச் சூரியனையும் ரயிலில் ஏற்றிக் கொண்டுவரவேண்டும்.

இந்த நகரத்துக்கே அந்தப் பிடிவாதம் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, தெரியுமா? கிரீன்விச்சைவிட நாலு மணி ஐம்பத்தொரு நிமிஷம் முன்னே இருந்தது பம்பாய் நேரம். மதராஸ் நேரம் ஐந்து மணி இருபத்தொரு நிமிஷம். 1906-இல் இந்தியா முழுமைக்கும் ஐந்தரை என்று ஆக்கியபோது பம்பாய்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொன்பது நிமிஷம் முன்னால் எழுந்து ஆலைக்குப் போகச் சொல்கிறானே என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். பம்பாய் நேரம் முழுசாக ஒழிந்தது 1955-இல்தான். ஆக, பம்பாய்க்கும் மதராஸுக்கும் அரைமணி வித்தியாசம் என்பது என் பெட்டி கண்டுபிடித்த புதுமை அல்ல. நம் தாத்தாக்கள் வந்து இறங்கியபோது கடிகாரமே அதைச் சொல்லியது. கடிகாரம் ஒன்றானதும் சூரியனும் ஒன்றாகிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சிரிக்கவேண்டாம், உங்கள் கதை இன்னும் மோசம். சிங்கப்பூரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏழை ஒட்டித்தான் வருகிறது. அங்கே திங்கள் ஏழரை-ஒன்பது என்று பார்ப்பது ஒரு மணி நேரம் தப்பு. லண்டனில் ஜூன் மாதம் பகல் பதினாறு மணிக்கு மேல், ராகுகாலமே இரண்டு மணி நேரம் ஓடும். டிசம்பரில் ஒரு மணிகூட இருக்காது.

இங்கே என் பகுத்தறிவு நண்பர் குறுக்கே வருவார். "ராகுகாலமே டுபாக்கூர். அதில் சரி என்ன, தப்பு என்ன?" நான் ராகுகாலம் பார்ப்பவன் இல்லை. ஆனால் அம்மா பார்க்கிறாள், மாமா பார்க்கிறார், அவர்களுக்காகத்தான் இந்தப் பெட்டி. சீட்டாட்டத்தில் எனக்கு ஆர்வமில்லை என்பதற்காக, ஆடுகிறவர்களுக்குச் சீட்டைத் தப்பாகப் பங்கு போட்டுக் கொடுக்கலாமா? நம்பாதவன் தப்புக் கணக்குப் போட்டால் பரவாயில்லை என்பது என்ன பகுத்தறிவு!

"ஆப் இருக்கே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள ஆப்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர் போனை வாங்கிப் பாருங்கள், எந்த ஊர் என்று போட்டிருக்கிறது என்று. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் :-)

இவ்வளவு பேசுகிறவன் தான் பட்ட அடியையும் சொல்லவேண்டும். உதயம் என்றால் மும்பை உதயம் என்று மண்டையில் ஏற்றிக்கொண்ட ஜோரில், 2021 ஐப்பசியில் அப்பாவின் திதியில் கோட்டை விட்டேன். அம்மாவுக்கு எங்கள் வீட்டு வழக்கமான வாக்கியப் பஞ்சாங்கம்தான் வேண்டும். அதில் திதி எப்போது முடிகிறது என்று நாழிகையில் போட்டிருப்பார்கள், உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று. ஒரு நாழிகை 24 நிமிஷம். அதை எல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்து, மும்பை உதயத்தோடு கூட்டி வைத்தேன். திதி அன்று இருபது நாழிகை, அதாவது எட்டு மணி நேரம். மும்பையில் உதயம் 6.33, எனவே 2.33 வரை திதி இருக்கிறது என்றது பெட்டி.

தப்பு எங்கே என்று புரிகிறதா? திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே உள்ள கோணம். பன்னிரண்டு பாகைக்கு ஒரு திதி. அது மாறுகிற நொடி மும்பைக்கும் நெல்லைக்கும் ஒன்றேதான், நம் கடிகாரமும் ஒன்றுதான். அந்த இருபது நாழிகை, பஞ்சாங்கம் கணித்தவர் ஊரில் ஆறு மணிக்கு உதித்த சூரியனிலிருந்து எண்ணியது. இரண்டு மணிக்கே திதி முடிந்துவிட்டது. பகலைப் பங்கு போடும்போது நம் ஊர்ச் சூரியன். நாழிகையைத் திருப்பும்போது பஞ்சாங்கத்தின் ஊர்ச் சூரியன். நான் இரண்டுக்கும் ஒன்றையே போட்டுவிட்டேன்.

திதி கொடுப்பதற்குப் பகலை ஐந்தாக்கி நாலாவது பங்கைப் பார்ப்பார்கள், பிற்பகல். இரண்டு நாளிலும் கொஞ்சம் கொஞ்சம் திதி இருந்தால் எதில் அதிகமோ அந்த நாள் என்று மாட்டுங்கா ஐயர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே புரோகிராமாக எழுதியிருந்தேன். உண்மையில் முதல் நாள் ஒரு மணிக்கு மேல், மறுநாள் அரைமணிக்கும் குறைவு. என் பெட்டியில் தலைகீழ். நானும் ஐயரைக் கேட்காமல், பெட்டியைக் கேட்டு மறுநாளுக்கு அவரை வரச்சொல்லிவிட்டேன். அண்ணன் ஊரில் முதல் நாளே கொடுத்துவிட்டு, மதியம் போன் பண்ணி "முடிஞ்சுதா?" என்றான்.

அன்று நடந்த சண்டையை எழுதப் போவதில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒங்க அப்பா எந்த நாளு வருவாவ, எந்த வீட்டுக்கு வருவாவ?"

இரண்டு நாள் பெட்டியை அணைத்தே வைத்திருந்தேன். அந்த உறவுக்காரர் சொல்வது போல, கம்ப்யூட்டர் நுழைந்ததால் வந்த வினை என்று சொல்லிவிடலாம். ஆனால் இதே தப்பை, மும்பையில் உட்கார்ந்து வாக்கியப் பஞ்சாங்கத்து நாழிகையை விடிந்த நேரத்தோடு கூட்டிப் பார்க்கிற எத்தனையோ பெரியவர்கள் கையாலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். யார் வீட்டிலும் இரண்டு பதிலை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்லை, அதனால் வெளியே தெரிவதில்லை. என் பெட்டி தப்பு செய்தது, அண்ணன் கணக்கோடு மோதியது, உடைத்துப் பார்த்தேன், எந்த வரி என்று தெரிந்தது. "காலண்டர்ல போட்டிருக்கு" என்பதில் எந்த வரியை உடைத்துப் பார்ப்பீர்கள்?

வாக்கியமா திருக்கணிதமா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. இரண்டுக்கும் திதி சில மணி நேரம்கூடத் தள்ளி வரும். 1952-இல் மேகநாத் சாஹா தலைமையில் நாடு முழுவதற்கும் கமிட்டி போட்டு, 1955-இல் அறிக்கை கொடுத்து, 1957-இலிருந்து ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் வீடுகளில் யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை. எது உங்கள் குடும்ப வழக்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் நின்று படிக்கிறோம் என்பதை மட்டும் அதில் எழுதி வையுங்கள். என் பெட்டியில் இப்போது ராகுகாலத்துக்குப் பக்கத்தில் "மும்பை" என்றும், திதிக்குப் பக்கத்தில் பஞ்சாங்கத்தின் பெயரும் சின்ன எழுத்தில் வருகிறது. அண்ணன் வீட்டுக்கும் ஒன்று செய்து அனுப்பினேன், திருநெல்வேலி உதயத்தோடு. அவன் அதற்குப் பக்கத்திலேயே தாள் காலண்டரையும் மாட்டியிருக்கிறான். இருக்கட்டும்.

2025 பொங்கலுக்குத் தாராவிக்குப் போயிருந்தோம். செவ்வாய்க்கிழமை, காலை ராகுகாலத் தொந்தரவு இல்லை. ஆறரைக்கெல்லாம் தொண்ணூறு அடி சாலையில் பாதி அடுப்புகள் எரிய ஆரம்பித்துவிட்டன. அத்தை மட்டும் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டுவதையே நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றியபோது ஆறு ஐம்பது. பால் பொங்கி வழிந்தபோது நான் போனில் மணி பார்த்தேன். 7.16. கட்டடங்களுக்கு நடுவே வெளிச்சம் மஞ்சளாக இறங்கியிருந்தது. நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அத்தை சொன்னாள்: "ரொம்பப் பீத்திக்காத. ஒம் பொட்டிக்காக இல்ல. வெறகு ஈரம்."